வியாழக்கிழமை நாலு மணிக்கு யார் வர்றாங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, தனியா இருக்கற பெரியவங்க வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போய் சும்மா பேசிட்டு வர்ற வாலன்டியர் வேலையைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், நான் செம்பூர்லேர்ந்து மாட்டுங்காவுல ஒரு மாமியைப் பாக்க வியாழக்கிழமை வியாழக்கிழமை போறேனே, அதைப் பத்தி. அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. பாதிக்கு மேல நம்ம மும்பை, தானே பக்கம்தான். பேர் போடாதீங்கன்னு கிட்டத்தட்ட எல்லாருமே கேட்டிருக்கீங்க, அதனால ஊர் மட்டும்.

முல்லுண்டு வாசகி: *அக்கா, பேங்க்லேர்ந்து ரிடையர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. மாட்டுங்கால ஒரு மாமி தனியா இருக்காங்கன்னு கோயில்ல சொன்னாங்க, போனேன். பழம், ஸ்வீட்டெல்லாம் வாங்கிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் நல்லாத்தான் பேசிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனா கதவைப் பாதி திறந்து "இன்னிக்கு வேண்டாம்மா, தலைவலி"ன்னு அனுப்பிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்? விட்டுடலாமா?*

விட்டுடாதீங்க. தலைவலி நிஜமாவே இருந்திருக்கலாம், ஆனா எனக்கென்னவோ அந்த ரெண்டு மணி நேரம்தான் இடிக்குது. நம்ம வீடுகள்ல ஒருத்தர் வந்தா என்னென்ன பண்ணணும்னு யோசிச்சுப் பாருங்க, புடவை மாத்தணும், கூடத்துல கிடக்கற துணியை வாரி உள்ள போடணும், காபிக்குப் பால் இருக்கான்னு பாக்கணும், வந்தவங்க கிளம்பற வரைக்கும் காலை நீட்டக்கூட முடியாது. வயசான மாமி ரெண்டு மணி நேரம் நிமிர்ந்து உக்காந்து உங்களை உபசரிச்சிருக்காங்க, நீங்க படி இறங்கினதும் முதுகைப் பிடிச்சுக்கிட்டு படுத்திருப்பாங்க. நீங்க துணைக்குப் போனீங்க, அவங்களுக்கு அது விருந்தாளி வந்த நாள். போதாததுக்கு பை நிறைய ஆப்பிள், மாதுளை. நம்ம ஆளுங்க பழம் வாங்கிட்டுப் போறது ஆஸ்பத்திரிக்குத்தான், அவங்க நோயாளி இல்லையே.

அடுத்த தடவை கையை வீசிட்டுப் போங்க. முக்கா மணி நேரம் போதும். கிளம்பறப்போ "டைம் கிடைச்சா வர்றேன்"னு மட்டும் சொல்லாதீங்க, இந்த வேலையில அதைவிட மோசமான வார்த்தை கிடையாது. "அடுத்த வியாழன் நாலு மணிக்கு வரட்டுமா"ன்னு கேளுங்க, வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு இடம் விட்டுக் கேளுங்க, சரின்னுட்டா நாலு மணிக்குப் போய் நில்லுங்க. மழையில சென்ட்ரல் லைன் முங்கிடுச்சா, மூணு மணிக்கே போன் பண்ணிச் சொல்லிடுங்க. தினமும் ஒரே மாதிரி ஓடற வீட்ல புதன்கிழமைன்னா என்ன, சனிக்கிழமைன்னா என்ன, வியாழன் ஒருத்தர் வர்றாங்கன்னா அந்த வாரத்துக்கே ஒரு பிடி கிடைச்ச மாதிரி. நான் போற வீட்டு மாமி புதன் சாயங்காலமே காபிப் பொடி டப்பாவைத் திறந்து பாத்துடுவாங்க, அது எனக்காக மட்டும் இல்லன்னு எனக்குத் தெரியும், யாரோ வர்ற வீடா அது இருக்கணும்ல, அதுக்காக.

அப்புறம், ஏதாவது கேளுங்க. குடுக்கறதுக்கே போனா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும். நான் மாமிகிட்ட ரசப்பொடிக்கு தனியா எவ்வளவு, மிளகு எவ்வளவுன்னு கேட்டேன், எனக்குத் தெரியாதுன்னு இல்ல, ஆனா என் பொடியில ஜீரகம் ஜாஸ்தின்னு திட்டு வாங்கினப்போதான் எங்களுக்குள்ள பழக்கமே ஆரம்பிச்சுது.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். முதல் நாள் சொசைட்டி கேட்ல வாட்ச்மேன் ரெஜிஸ்டரை நீட்டினார், பேர், ஃபிளாட் நம்பர், கடைசி கட்டத்துல என்ன வேலைன்னு எழுதணும். "ரிஷ்தேதார்?" (சொந்தமான்னு கேக்கறார்) இல்ல. "நர்ஸ்?" இல்ல. "கூரியர்?" அதுவும் இல்ல. நானும் பேனாவை வெச்சுக்கிட்டு முழிக்கறேன், பின்னாடி ஸ்விகி பையன் ஹார்ன் அடிக்கறான். கடைசில வாட்ச்மேனே வாங்கி "மில்னே"ன்னு எழுதிட்டார், பாக்க. இன்னிக்கு வரைக்கும் அதான் எழுதறேன்.

வாஷி வாசகர்: *அம்மா, இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். நம்ம ஊர்ல திண்ணை இருந்தது, கூட்டுக்குடும்பம் இருந்தது, தனிமைன்னு ஒரு வார்த்தையே கிடையாது. அதையெல்லாம் ஒழிச்சுட்டு இப்போ வாலன்டியர்ங்கறீங்க.*

சார், பாதி சரி. வாலன்டியர் வெச்சு ஒழுங்கா நடத்தறது அங்கேர்ந்து வந்ததுதான். 1953-ல லண்டன்ல சாட் வாரான்னு ஒரு பாதிரியார், தற்கொலை எண்ணத்துல இருக்கறவங்க என்கிட்ட பேசலாம்னு போன் நம்பர் குடுத்தார். நேர்லயும் கூட்டம் வர ஆரம்பிச்சுது. அவரைப் பாக்க காத்திருக்கறவங்களுக்கு டீ போட்டுக் குடுத்து பேச்சுத்துணையா இருக்க சாதாரண ஜனங்க சிலர் வந்தாங்க, கொஞ்ச நாள்ல பாத்தா அந்த டீ குடுக்கறவங்ககிட்ட பேசினதுலயே மனசு லேசாகி பல பேர் பாதிரியாரைப் பாக்காமலே கிளம்பிப் போயிட்டாங்களாம். அவர் புத்திசாலி, 1954-லயே கேக்கற வேலையை அந்த வாலன்டியர்ங்ககிட்ட விட்டுட்டார். அதான் சமாரிட்டன்ஸ். அவங்க இதுக்கு வெச்ச பேர் பிஃப்ரெண்டிங், அதாவது சிநேகமா இருக்கறது. அதே வழியில நம்ம சென்னைல டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல ஆரம்பிச்சதுக்கு 'ஸ்னேஹா'ன்னே பேரு. வயசானவங்க வீட்டுக்கு வாரா வாரம் போறதுக்கும் இப்போ பல ஊர்ல இதே பிஃப்ரெண்டிங்ங்கற பேர்தான்.

இன்னொரு பாதிக்கு வர்றேன். திண்ணை இருந்துது, ஒத்துக்கறேன், யாரு உக்காந்தாங்க? எங்க பெரியபாட்டி பதினெட்டு வயசுல புருஷனைப் பறிகொடுத்தவங்க, இருபது பேர் இருந்த வீட்ல அறுபது வருஷம் சமையல்கட்டுக்குப் பின்னாடியே இருந்தாங்க, அவங்ககிட்ட யாரும் உக்காந்து பேசினதா எங்கம்மாவுக்கு ஞாபகமே இல்ல. வார்த்தைதான் கிடையாது சார், தனிமை இருந்துது.

டோம்பிவிலி வாசகர், 27 வயசு: *மதுரைலேர்ந்து வேலைக்கு வந்து ஒண்ணரை வருஷம். ரூம்மேட்ஸ் இருக்காங்க, ஆபீஸ்ல ஆளுங்க இருக்காங்க, ஆனா ஞாயித்துக்கிழமை போன் அடிக்கவே அடிக்காது. வாலன்டியரா போகலாம்னு ஆசை, ஆனா எனக்கே யாரும் இல்ல, நான் போய் இன்னொருத்தர் தனிமையை எப்படிப் போக்க?*

தம்பி, தனிமைன்னா கிழவங்க சமாச்சாரம்னு நாங்களே தப்பா நினைச்சுட்டு இருந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன்ல குடுத்த ரிப்போர்ட்ல உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தருக்கு தனிமை உணர்வு இருக்குன்னு போட்டிருக்காங்க, வருஷத்துக்கு 8,71,000 சாவுக்கு அதோட தொடர்பு இருக்குங்கறாங்க, அந்த உணர்வு இளவட்டத்துக்குத்தான் அதிகமாம். அமெரிக்காவுல சர்ஜன் ஜெனரலா, அதாவது பொது சுகாதாரத்துக்கு அரசோட தலைமை டாக்டரா இருந்த விவேக் மூர்த்தி 2023-ல ஒரு அறிக்கையே விட்டார், ஜனங்களோட தொடர்பு அத்துப்போறது தினம் பதினஞ்சு சிகரெட் பிடிக்கற அளவுக்கு ஆயுசைக் குறைக்கும்னு. பயமுறுத்த சொல்லல, நீங்க ஏதோ குறையுள்ள ஆள்னு நினைச்சுக்க வேண்டாம்னு சொல்றேன்.

போங்க, தாராளமா போங்க. ஆனா வாலன்டியர்களை அனுப்பற அமைப்புல சேர்றப்போ கேப்பாங்க ஏன் வர்றீங்கன்னு, அப்போ சமூக சேவை அது இதுன்னு அளக்காம "எனக்கும் பேச ஆள் வேணும்"னு சொல்லிடுங்க, ஒழுங்கான அமைப்புன்னா அதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டாங்க. டோம்பிவிலிலேர்ந்து ஆபீஸ் போய் வர்றதுக்கே மூணு மணி நேரம் லோக்கல்ல தொங்கறீங்க, அதனால நேர்ல போறேன்னு முதல்லயே வாக்கு குடுக்காதீங்க, போன்லேர்ந்து ஆரம்பிங்க, ஞாயித்துக்கிழமை பதினோரு மணி, இருபது நிமிஷம். உங்க போனும் அடிக்கும், அவர் போனும் அடிக்கும். ஒண்ணு மட்டும், உங்க கஷ்டத்தையெல்லாம் அந்தப் பெரியவர் தலைல இறக்கிடாதீங்க. ராத்திரி தூக்கம் வராம, வாழ்ந்து என்னத்துக்குன்னு தோண்ற அளவுக்குப் போனா அதுக்கு 14416 இருக்கு, டெலி மானஸ்னு மனநல ஹெல்ப்லைன், மத்திய அரசு 2022-ல ஆரம்பிச்சது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

தாராவி வாசகி: *எங்க சந்துல இருந்த ஆச்சிக்கு எஸ்ஆர்ஏ (குடிசைக்குப் பதிலா வீடு குடுக்கற திட்டம்) பில்டிங்ல ஒன்பதாவது மாடில வீடு வந்துது. எல்லாரும் அதிர்ஷ்டம்னோம். இப்போ ஆச்சி வெளியவே வர்றதில்ல, பேச்சும் குறைஞ்சு போச்சு. அந்த பில்டிங் பூரா நம்ம திருநெல்வேலி சனங்கதான். இத்தனை பேர் நடுவுல தனிமை எப்படிக்கா வரும்?*

இந்தக் கடிதத்தை நான் மூணு தடவை படிச்சேன். மத்த எல்லாத்தையும் விட இதுதான் நம்ம மும்பைக் கதை.

ஆச்சி பழைய வீட்ல என்ன பண்ணிட்டு இருந்திருப்பாங்கன்னு நான் சொல்லவா, வாசப்படில உக்காந்திருப்பாங்க. அவ்வளவுதான். அவங்க யாரையும் தேடிப் போக வேண்டியதில்ல, குழாய்ல தண்ணி விடற நேரத்துக்கு குடத்தோட நாலு பேர், இட்லி வியாபாரத்துக்கு சைக்கிளை எடுக்கறவர், பள்ளிக்கூடம் விட்டு வர்ற பசங்க, எல்லாரும் அவங்க காலைத் தாண்டித்தான் போகணும், போறப்போ "என்ன ஆச்சி சாப்டியளா"ன்னு ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு நாப்பது அம்பது வார்த்தை, ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா அதுதான் அவங்களுக்கு உலகம். ஒன்பதாவது மாடில வாசப்படி கிடையாது, கதவுதான் இருக்கு, கதவுன்னு ஒண்ணு இருந்தா சாத்தத்தான் தோணும். வீட்டுக்குள்ளயே கக்கூஸ், குழாய் வந்தது நல்ல விஷயம், அதை எவனும் குறை சொல்ல முடியாது, வரிசைல நின்னு அவஸ்தைப்பட்டவங்களுக்குத்தான் தெரியும் அந்த அருமை. ஆனா வரிசை போனப்போ வரிசைல நடந்த பேச்சும் போயிடுச்சு. மாட்டுங்கா, செம்பூர்ல பழைய பில்டிங்கை இடிச்சு ரீடெவலப்மென்ட் பண்ற இடத்துலயும் இதே கதை, நாப்பது வருஷம் எதிர் வீடா இருந்தவங்க வாடகை வீடு தேடி ஒருத்தர் தானே, ஒருத்தர் பன்வெல்னு சிதறிடறாங்க, திரும்பி வர்றப்போ பாதிப் பேர் இல்ல.

அதனால நீங்க ஆச்சி வீட்டுக்குள்ள போய் உக்காந்து பேசறதைவிட ஆச்சியைக் கீழ இறக்கப் பாருங்க. முதல்ல லிஃப்ட். எனக்குத் தெரிஞ்சு பாதிப் பாட்டிகளுக்கு லிஃப்ட்னா பயம், கரண்ட் போயிடும், பட்டன் தெரியாது, எழுத்து படிக்கத் தெரியாதுன்னு வெளிய சொல்லவும் கூச்சம். கீழ் மாடி பட்டன் மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு, ஒன்பது மேல இன்னொரு கலர் பொட்டு ஒட்டிடுங்க (சொசைட்டி செக்ரட்டரி கேட்டா என்னைக் கை காட்டுங்க). பத்துத் தடவை கூடவே ஏறி இறங்குங்க. அப்புறம் கீழ நிழல் விழற பக்கம் ரெண்டு பிளாஸ்டிக் சேர், தினமும் ஒரே நேரம். மூணாவது நாள் இன்னொரு ஆச்சி தானா வந்து நிப்பாங்க பாருங்க. ரெண்டாவது சேர் அவங்களுக்குத்தான், நீங்க உக்காந்துடாதீங்க.

நியூஜெர்சி வாசகர்: *அம்மா சயான்ல தனியா இருக்காங்க. காசு குடுத்து கம்பேனியன் வெச்சா நல்லதா, வாலன்டியர் நல்லதா?*

ரெண்டும் வேற வேற. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக, மருந்து வாங்க, தினம் நாலு மணி நேரம் இருக்கன்னா காசு குடுத்துத்தான் ஆகணும், வாலன்டியர்கிட்ட அதை எதிர்பாக்கறது நியாயமில்ல. 2022-ல ரத்தன் டாடா முதலீடு போட்டு மும்பைலயே குட்ஃபெல்லோஸ்னு ஒண்ணு வந்துது, படிச்ச பசங்களை பேச்சுத்துணைக்கு அனுப்பறது, இப்போ அந்த மாதிரி வேற சிலதும் இருக்கு. வாலன்டியர் வழின்னா இங்க டிக்னிட்டி ஃபவுண்டேஷன் இருக்காங்க, ஷீலு ஸ்ரீனிவாசன் 1995-ல ஆரம்பிச்சது. எந்த வழியா இருந்தாலும் வர்ற ஆளுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன், அடையாள அட்டை இருக்கான்னு கேளுங்க, முதல் தடவை அமைப்புலேர்ந்து ஒருத்தர் கூட வரணும். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துக்குப் போட்ட விதிகள்ல, தனியா இருக்கற பெரியவங்க லிஸ்ட் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷன்லயும் இருக்கணும்னு இருக்கு, அம்மா பேரைப் பதிஞ்சு வைங்க. சந்தேகம் கேக்க 14567, எல்டர்லைன்னு பெரியவங்களுக்கான ஹெல்ப்லைன், காலைல எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும்.

எல்லாம் சரி, நீங்க எப்போ கூப்பிடறீங்க? கடிதத்துல அதைக் காணோம்.

காட்கோபர் வாசகர்: *நான் போற வீட்டு தாத்தா ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் குடுத்து பணம் எடுத்துட்டு வரச் சொல்றார். நம்பிக்கையிலதான் கேக்கறார், எப்படி மறுக்கறது?*

மறுத்துடுங்க. இன்னிக்கே அமைப்புல சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்க. "உங்ககூட வேணா பேங்க் வரைக்கும் வர்றேன் தாத்தா, மெஷின்ல நீங்களே அடிங்க, நான் திரும்பி நிக்கறேன்"னு சொல்லுங்க. கடன் வாங்காதீங்க, குடுக்காதீங்க, கையெழுத்து போடாதீங்க, சாவி வாங்கி வெச்சுக்காதீங்க. நாளைக்கு ஊர்லேர்ந்து மகன் வந்து ஐநூறு ரூபா குறையுதுன்னா உங்க ரெண்டு பேர் சிநேகமும் அன்னிக்கே முடிஞ்சுது.

செம்பூர் வாசகி: *ரெண்டு மாசமா ஒரு பெரியவர் வீட்டுக்குப் போறேன், ரயில்வேல இருந்தவர். எது கேட்டாலும் "ம்"முங்கறார், டிவியையே பாக்கறார். என்னைப் பிடிக்கலையோ?*

அவர் காதைப் பாருங்க. நிஜமாத்தான் சொல்றேன். நானும் இப்படி ஒரு தாத்தா வீட்ல நாலு வாரம் கத்திட்டு இருந்தேன், சிடுமூஞ்சின்னு வீட்ல வந்து சொல்லிட்டும் இருந்தேன். ஒரு நாள் மேஜை டிராயர்ல கண்ணாடி எடுக்கச் சொன்னார், உள்ள காது மெஷின் கிடக்கு, பக்கத்துல பிரிக்காத பேட்டரி அட்டை. பட்டன் மாதிரி குட்டி பேட்டரி, ஒவ்வொண்ணு மேலயும் ஆரஞ்சு கலர் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை உரிச்சா காத்து உள்ள போய்த்தான் பேட்டரிக்கு உயிரே வரும், உரிச்சதும் ஒரு நிமிஷம் வெளியவே வெச்சிருந்துட்டு அப்புறம் மாட்டணும்னு அவர் பேத்தி வீடியோ கால்ல சொன்னா. ஒண்ணு ரெண்டு வாரத்துல தீர்ந்துடும், கை நடுங்கறதால அவரால அந்தச் சின்ன மூடியைத் திறக்க முடியல, யாரைக் கேக்கறதுன்னு விட்டுட்டார். அன்னிக்கு மாட்டிவிட்டதும் அவர் முதல்ல சொன்னது "ஃபேன் இவ்வளவு சத்தமா போடுதா?" அப்புறம் போரி பந்தர் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்த கதை ஒண்ணரை மணி நேரம்.

டிவியை ஆஃப் பண்ணிட்டு, வெளிச்சம் உங்க முகத்துல விழற மாதிரி எதிர்ல உக்காருங்க, உதடு தெரியணும். கத்தாதீங்க, நிதானமா பேசினா போதும். மெஷினே இல்லன்னா வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லி காது டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.

தானே வாசகி: *நான் போற பாட்டி எப்பப் பாத்தாலும் மருமகளைக் குறை சொல்றாங்க. நான் யார் பக்கம் பேச?*

யார் பக்கமும் பேசாதீங்க. "அப்படியா பாட்டி"யோட நிறுத்திக்கோங்க, கேட்டதை வாசலோட விட்டுட்டு வாங்க. அந்த மருமக பகல் பூரா வேலைக்குப் போய்ட்டு வந்து இதுவும் பண்றவளா இருக்கும். அடி, பட்டினி, பணத்தைப் பிடுங்கறது இந்த மாதிரி எதாவது காதுல விழுந்தா மட்டும் சும்மா இருக்காதீங்க, அமைப்புக்கு உடனே சொல்லுங்க.

குர்லா வாசகி: *மூணு வருஷமா ஒரு பாட்டி வீட்டுக்குப் போறேன். அவருக்கு புனே மாத்தல், ரெண்டு மாசத்துல கிளம்பறோம். சொன்னா பாட்டி உடைஞ்சு போயிடுவாங்க, சொல்லாமலே மெதுவா குறைச்சுக்கலாமான்னு பாக்கறேன்.*

ஐயோ, அதை மட்டும் பண்ணிடாதீங்க. பண்ணினவ சொல்றேன். போன வருஷம் எங்கம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுது, ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு ஓடினதுல மாமிக்கு ஒரு போன் பண்ணணும்னு கூட எனக்குத் தோணல, மூணு வியாழன் போச்சு. நாலாவது வாரம் போறேன், வாட்ச்மேன் ரெஜிஸ்டரை நீட்டறதுக்கு முன்னாடியே சொல்றார், ஒவ்வொரு வியாழனும் அஞ்சு மணிக்கு இன்டர்காம்ல மாமி கூப்பிட்டாங்களாம், செம்பூர் மேடம் கேட்டுக்கு வந்தாங்களான்னு. லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி, முட்டி வலி, இறங்கி வந்து பாக்கவும் முடியாது. மேல போனேன், ஒரு வார்த்தை கேக்கல, காபி மட்டும் வந்துது. அன்னிக்கு அந்தக் காபியை நான் குடிச்ச லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

இன்னிக்கே சொல்லுங்க, ரெண்டு மாசம் இருக்கு. அழுதா அழட்டும், அழறதுக்கு ஒருத்தர் இருக்கறதும் நல்லதுதான். கடைசி நாள் எதுன்னு காலண்டர்ல வட்டம் போட்டுக் காட்டுங்க. புனே போய் போன் பண்ணுவேன்னு சொன்னா நிச்சயமா பண்ண முடியற அளவுக்கு மட்டும் சொல்லுங்க, மாசம் ஒண்ணுன்னா ஒண்ணு. அமைப்புல கேட்டு அடுத்து வரப்போறவங்களை இப்போவே பிடிச்சு, கடைசி மூணு நாலு வாரம் கூடவே கூட்டிட்டுப் போங்க.

நான் மாமிகிட்ட வந்ததே அப்படித்தான். எனக்கு முன்னாடி வந்துட்டிருந்த பொண்ணு கல்யாணமாகி ஹைதராபாத் போறான்னு என்னைக் கூட்டிட்டு வந்தா. முதல் வாரம் மாமி என் முகத்தையே பாக்கல. ரெண்டாவது வாரம் எந்த ஊர்னு மட்டும் கேட்டாங்க. மூணாவது வாரம் சமையல்கட்டுலேர்ந்து குரல் வந்துது, "இவளுக்கு சர்க்கரை போடலாமா?" அந்தப் பொண்ணைத்தான் கேட்டாங்க, பக்கத்துலயே உக்காந்திருந்த என்னைக் கேக்கல.